பெருத்த கல்லீரலும் இல்லாத நொதியும்: கெர்ட்டி கோரியின் ஆய்வுப் பணி

நோயை உறுப்பின் வீக்கத்தாலும் வெளிக்குறிகளாலும் அடையாளம் காண்பது மருத்துவத்தின் நெடுநாளைய வழக்கம். அவ்வீக்கத்துக்குப் பின்னால் எந்த வேதிவினை நின்றுபோயிற்று, அதை நடத்த வேண்டிய நொதி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. உயிரணுவுக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிவினையை விரைவுபடுத்தும் புரதமே நொதி. கல்லீரல் நொதியொன்றின் குறைபாடே ஒரு பிறவி நோய்க்குக் காரணம் என முதன்முதலில் நிறுவியவர்கள் கெர்ட்டி கோரியும் அவர் கணவர் கார்ல் கோரியும் ஆவர்.

1896-இல் பிராக் நகரில் பிறந்த கெர்ட்டி, அங்கேயே மருத்துவம் பயின்று, உடன் பயின்ற கார்லை மணந்து, 1922-இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கும் 1931-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். ஆய்வில் இருவரும் சமமாக உழைத்தபோதும், கணவர் பேராசிரியராக அமர்ந்த அப்பல்கலைக்கழகத்தில் மனைவிக்குக் கிடைத்தது மிகக் குறைந்த ஊதியத்தில் ஓர் ஆய்வுப் பணியே. இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்ற 1947-இல்தான் அவர் முழுப் பேராசிரியரானார். ஒரு நிறுவனம் தன் தலைசிறந்த அறிவாளர் ஒருவரை இத்தனை ஆண்டுகள் ஓரத்தில் நிறுத்தியது வருந்தத்தக்கது.

நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல, உண்டபின் மிகும் குளுக்கோஸை உடல் சங்கிலிகளாகக் கோத்துக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. மரம்போல் கிளைத்துக் கிளைத்து வளரும் இச்சேமிப்பின் பெயர் கிளைக்கோஜன். தவளைத் தசையை அரைத்து, நீரில் கழுவி, பாஸ்பேட் கரைசலில் வைத்து ஆராய்ந்த கோரி இணையர், கிளைக்கோஜன் உடையும்போது முதலில் உண்டாகும் பொருள் குளுக்கோஸ்-1-பாஸ்பேட் என்பதை 1936-இல் கண்டனர். அவ்வுடைப்பை நடத்தும் பாஸ்பாரிலேஸ் என்னும் நொதியைப் பின்னர் அவர்களது ஆய்வுக்கூடம் படிகமாகவே பிரித்தெடுத்தது.

அத்தூய நொதியைக் கொண்டு, வினையைத் திருப்பி, சோதனைக் குழாயில் கிளைக்கோஜனை ஆக்க முயன்றபோது கிடைத்த பொருள் அயோடின் பட்டதும் நீலமாயிற்று. கிளைக்கோஜனாக இருந்திருந்தால் அது செம்பழுப்பாகியிருக்க வேண்டும். நீலம் கிளையற்ற நெடுஞ்சங்கிலியின் நிறம். கல்லீரல் அல்லது இதயத்தின் சாற்றைச் சேர்த்தபோது நிறம் மாறியதால், கிளை இடுவதற்குத் தனி நொதி ஒன்று உண்டென்பது தெளிவாயிற்று. கிளை இடும் நொதி இருப்பதுபோல, கிளைக்கணுவை அறுக்கும் நொதியும் உண்டு. பாஸ்பாரிலேஸையும் அவ்வறுக்கும் நொதியையும் மாறிமாறிச் செலுத்தி, கிளைக்கோஜனை வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரித்து அதன் அமைப்பைக் காட்டியது அந்த ஆய்வுக்கூடத்தின் அருஞ்செயல்.

இப்பயிற்சியுடன் கெர்ட்டி நோயின் பக்கம் திரும்பினார். கல்லீரல் பெருத்து, சிறிது நேரம் உண்ணாவிட்டாலும் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து வாடும் குழந்தைகளின் நோயை 1929-இல் ஜெர்மானிய நோயியலாளர் ஃபான் கீர்க்க விவரித்திருந்தார். குதிர் நிறைந்திருந்தும் வீட்டில் பட்டினி என்னும் நிலை அது. குளுக்கோஸ்-1-பாஸ்பேட் அடுத்து மாறும் வடிவமான குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டை அகற்றிக் குளுக்கோஸை இரத்தத்துக்கு விடுவிக்கும் கல்லீரல் நொதி, நோயின் கடுமையான வடிவில் ஏறத்தாழ இல்லாமலே இருப்பதை 1952-இல் கோரி இணையர் அறிவித்தனர். ஆனால் ஃபான் கீர்க்க நோய் என்னும் அதே பெயரில் அடங்கிய வேறு சிலரிடம் அந்நொதி குறைவின்றி இருந்தது. அவர்களுள் ஒருசாராரின் கிளைக்கோஜன் வெளிக்கிளைகள் குறுகி மொட்டையாய் நிற்பதைக் கண்ட கெர்ட்டி, கிளைக்கணுவை அறுக்கும் நொதியே அவர்களிடம் இல்லை என முடிவுசெய்தார். ஒரு நோயாக எண்ணப்பட்டது பல நோய்களாகப் பிரிந்தது. இவ்விரண்டாம் வகை இன்று கோரி நோய் எனப்படுகிறது.

இந்நோய்களைப் பற்றிய ஆய்வை அவர் செய்தது எலும்பு மச்சை நாராகி இரத்தம் ஊறாமற்போகும் கொடிய நோயுடன் போராடிய பத்தாண்டுகளில். ஆய்வுக்கூடத்தை ஒட்டிய அறையில் இட்ட சிறு கட்டிலில் இளைப்பாறி எழுந்து வேலை செய்த அவர் 1957-இல் மறைந்தார்.

ஒரு நோயைப் பல நோய்களாகப் பிரித்த அவரது பகுப்பின் பயன் குழந்தையின் உணவில் தெரிகிறது. கோரி நோயில் புரதத்திலிருந்து குளுக்கோஸ் ஆகும் வழி திறந்திருப்பதால் புரதம் மிகுந்த உணவு துணைசெய்கிறது. ஃபான் கீர்க்க நோயிலோ அவ்வழியும் அதே இல்லாத நொதியில் வந்து முட்டி நிற்பதால், மெல்லச் செரித்துக் குளுக்கோஸைச் சிறிது சிறிதாக விடும் வேகவைக்காத மக்காச்சோள மாவுச்சத்தை நீரில் கரைத்து இரவிலும் புகட்ட வேண்டியிருக்கிறது.