வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு

(பட்டிமன்றத் தலைப்பு: சிக்கனக் குடும்பத்தின் காட்டுச் சுற்றுலாவுக்கு ஏற்றது ஊரறிந்த காடா? ஊரறியாத காடா? ‘ஊரறியாத காடே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

நகைச்சுவையாலும் ஞானத்தாலும் இந்த மன்றத்தை நடத்திக்கொண்டிருக்கிற நடுவர் அவர்களே, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, (சிரிப்பு) அரங்கிலும் வீட்டிலும் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ‘சஃபாரி, சஃபாரி’ என்று இருபது தடவை சொன்னாங்க. எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சஃபாரின்னா ஒண்ணுதான். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுக்கிற சஃபாரி சூட்டு! (பலத்த சிரிப்பு) பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆப்பிரிக்காவில் பேசப்படும் சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம். அவ்வளவுதான். ஜீப் என்று அர்த்தம் இல்லை. புலி என்றும் அர்த்தம் இல்லை.

சகோதரி ஆப்பிரிக்காவைக் காட்டினாங்க. தான்சானியாவில் வடக்கே இருக்கிற செரங்கெட்டிக்குத்தான் உலகமே போகுது, தெற்கே ருவாஹா மாதிரி ஒதுக்குப்புறக் காட்டுக்குப் போகச் சின்ன விமானம் பிடிக்கணும், செலவு கூடும்னு சொன்னாங்க. ஒத்துக்கிறேன். தான்சானியாவில் பட்டிமன்றம் போட்டால் என் அணி தோற்கும். (சிரிப்பு) ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பில் ‘தொலைதூரக் காடு’ என்று நீங்கள் போடவில்லை. ‘ஊரறியாத காடு’ என்று போட்டிருக்கிறீர்கள். நம்ம ஊரில் ஊரறியாத காடு தூரத்தில் இல்லை ஐயா. வீட்டுக்குப் பின்னால் இருக்கு. பக்கத்தில் இருப்பதாலேயே அதை யாரும் மதிக்கவில்லை.

எங்க ஊருக்கு மேற்கே, சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், செண்பகத்தோப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். மேலே போனால் காட்டழகர் கோயில் இருக்கு. பெயரைப் பாருங்கள்! சாமிக்கே பெயர் காட்டழகர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினாரே, அதில் சண்பகமும் ஒன்று. அந்தப் பூவின் பெயரில் ஒரு தோப்பு. எங்க ஊர் பிறந்த கதையே காட்டுக் கதைதான். வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர்கள். வேட்டைக்குப் போன கண்டனைப் புலி கொன்றது. தம்பியைத் தேடிப் போன வில்லிக்குக் கனவில் பெருமாள் வழிகாட்ட, அவன் காட்டைத் திருத்திக் கட்டிய புத்தூர்தான் வில்லிபுத்தூர் என்பது தலபுராணம். கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள், பால்கோவா வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். நூறில் ஒருவர்கூட மேற்கே திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. என் அப்பாவுக்கு ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை. வீட்டில் நாங்கள் நாலு பேர் பிள்ளைகள். கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பையன் ஊட்டிக்குப் போவான். நாங்கள் எங்கே போவோம்? மழைக்காலம் முடிந்து ஓடையில் தண்ணீர் ஓடும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா இரவல் சைக்கிள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு எங்களைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போவார். தூக்குச் சட்டியில் புளிச்சோறு, துவையல். மொத்தச் செலவு, வழியில் வாங்கித் தின்ற கடலை மிட்டாய்.

அங்கே ஒருநாள் மாந்தோப்பு ஓரத்தில் நடந்துகொண்டிருந்தோம். அப்பா ‘அசையாதீங்க’ன்னு கையைக் காட்டினார். மேலே கிளையில் ஓர் அணில். நம்ம வீட்டுக் கூரையில் ஓடுகிற அணில் இல்லை. பூனை அளவு இருக்கும்! சாம்பல் நிறம். உடம்பு எவ்வளவு நீளமோ வால் அவ்வளவு நீளம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவியது பாருங்கள், எங்க அம்மா கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே கீழே விழுந்தது. (சிரிப்பு)

பள்ளிக்கூடம் திறந்தது. ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல். நான் எழுதினேன்: ‘செண்பகத்தோப்பில் பூனை அளவு அணிலைப் பார்த்தேன்.’ நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஒரே சொல்: ‘பொய்.’ வகுப்பே சிரித்தது. அந்த நோட்டை வீட்டில் காட்டினேன். அப்பா வாங்கிப் பார்த்தார். பேசவில்லை. ராத்திரி அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போக வக்கில்லை. அதனாலதான அவனைப் பொய்யனாக்கிட்டாங்க.”

நடுவர் அவர்களே, 1988-ல் என்ன நடந்தது தெரியுமா? நான் சொன்ன அந்தப் ‘பொய்’க்காக அரசாங்கமே ஒரு சரணாலயம் அமைத்தது! (கைத்தட்டல்) சாம்பல் நிற அணில்கள் சரணாலயம், சுமார் 485 சதுர கிலோமீட்டர். அந்த அணில் இலங்கையில் உண்டு. இந்தியாவில் தெற்கே மிகச் சில இடங்களில்தான் உண்டு. அதில் ஒன்று எங்க ஊர்க் காடு. 2021-ல் அதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நாங்கள் புளிச்சோறு தின்ற காடு இன்றைக்குப் புலிக்காடு.

சரி, எதிரணித் தலைவர் பாதுகாப்பு பற்றிக் கேட்டார். “2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்களே, மறந்துவிட்டீர்களா?” என்றார். மறக்கவில்லை ஐயா. எங்க மலையிலேயே 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதையும் மறக்கவில்லை. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். 2009 செப்டம்பர் 30, தேக்கடி. ஊரறிந்த இடம், உலகமறிந்த இடம். இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்களே! அங்கே கூட்டத்துக்குக் குறைவா? கூட்டம் இருந்தால் காவல் இருக்கு என்று நினைப்பதுதான் தவறு. ஒழுங்கு இருக்கிற இடத்தில்தான் காவல் இருக்கும். அது பேர்பெற்ற இடமா, பெயர் தெரியாத இடமா என்பதில் இல்லை.

அதனால் என் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். இது புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டு, அவர்கள் எதுவரை விடுகிறார்களோ அதுவரைதான் போகணும். கோடையில் தீக்காலத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பார்கள். மழை நேரத்தில் அருவி, ஓடைப் பக்கம் விடமாட்டார்கள். கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும், தண்ணீர் சொல்லாமல் வரும். ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று வனக்காவலர் சொன்னால், அதை அப்பா சொன்ன மாதிரி எடுத்துக்கணும். மலை ஏறியே தீருவேன் என்கிற இளைஞர்களுக்கும் வழி இருக்கு. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை, பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும்படி திறந்தது. விருதுநகர் மாவட்டத்துக்கும் அதில் இடம் உண்டு.

இப்போது சிக்கனத்துக்கு வருகிறேன். தலைப்பே அதுதானே? சில வருடங்களுக்கு முன்னால் நானும் ஊரறிந்த ஒரு காட்டுக்குக் குடும்பத்தோடு போனேன். பெயர் வேண்டாம். நல்ல காடு. குறை காட்டின் மேல் இல்லை. போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, வாடகை வண்டி, விடுமுறை நாள் என்பதால் இரண்டு மடங்கு அறை வாடகை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நான் செலவழித்தது நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காட்டுக்குள் போன சவாரிக்கு ஆனது எட்டு ரூபாய்! மிச்சம் தொண்ணூற்றிரண்டும் காடு வரைக்கும் போய்ச் சேருவதற்கு! (கைத்தட்டல்) உள்ளே இருந்த நேரம் முக்கால் மணி. முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. யானை வந்ததோ இல்லையோ, ஆரன் சத்தம் வந்தது.

‘அப்படியானால் உங்க காட்டில் யானை, புலி பார்க்கலாமா?’ என்று கேட்பீர்கள். உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் கொடுத்தால் அதற்குப் பெயர் மிருகக்காட்சிசாலை. ஆனால் காலையில் சீக்கிரம் போய், சத்தம் போடாமல், அண்ணாந்து பாருங்கள். இரண்டு மரங்கள் கைகோத்துக்கொண்ட மாதிரி நிற்கிற இடத்தில், உச்சிக் கவட்டையில், குச்சியும் இலையும் வைத்துக் கட்டிய பெரிய கூடு தெரியும். அணில் கூடு. அந்த அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவித்தான் அதன் வாழ்க்கை. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை போச்சு. மரத்தோடு மரம் ஏன் சேர்ந்திருக்கணும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட ஒரு பாடம் உண்டா?

எதிரணியில் கடைசியாகப் பேசப் போகிறவர் எழுந்து, ‘எல்லாரும் போனால் உங்க காடும் ஊரறிந்த காடாகி, பிளாஸ்டிக் பையாகக் குவியாதா?’ என்று கேட்பார். நானே சொல்லிவிடுகிறேன், நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லாரும் செண்பகத்தோப்புக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. உங்க ஊருக்குப் பின்னாலும் ஒரு குன்று, ஒரு கண்மாய், ஒரு காப்புக்காடு இருக்கும். அதைத் தேடுங்கள். கொண்டுபோன தூக்குச் சட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஊரறிந்த காட்டுக்கு வாழ்க்கையில் ஒருமுறை போய், விருந்தாளியாக இருந்துவிட்டு வருவீர்கள். பக்கத்துக் காட்டுக்கு வருஷா வருஷம் போனால் சொந்தக்காரன் ஆவீர்கள். ஒரு மரத்தை வெட்டினால் கேட்கிறவன் சொந்தக்காரன்தான்.

நிறைவாக ஒன்று. ஊரறிந்த காட்டுக்குப் போனேன் என்றேனே, அன்றைக்கு என்னோடு அப்பாவும் வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அவரை ஒரு தடவையாவது பெரிய சுற்றுலா கூட்டிக்கொண்டு போகணும் என்று எனக்கு வாழ்நாள் ஆசை. சவாரி முடிந்து இறங்கினோம். நாலு மான், இரண்டு மயில். அப்பா கொஞ்ச நேரம் அந்த வண்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“ஏய்யா, இதுக்கா நான் அத்தனை வருஷம் வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஊருக்கு வந்த மறு ஞாயிறு அவரைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓடைக்கரையில் கல்லில் உட்கார்ந்தார். அணில் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. (சிரிப்பு) ஆனால் என் மகளிடம் கூட்டைக் காட்டி, “உங்க அப்பன் பொய் சொல்லலை தாயி” என்றார். (நீண்ட கைத்தட்டல்)

இப்போது அப்பா இல்லை. எத்தனையோ வீடுகளில் ஓர் அப்பா இன்றைக்கும் பிள்ளையை ஊட்டிக்குக் கூட்டிப் போக முடியவில்லையே என்று தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அப்பாக்கள் நிமிர்ந்து உட்கார, ஊரறியாத காடே சிக்கனக் குடும்பத்துக்கு ஏற்ற காடு என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.