சந்தியில் நிற்பவனைக் கேட்டீர்களா?

(எல்லயில் விவசாயிகளும் அலுவலர்களும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காணியுரிமையையும் மொழியுரிமையையும் சம்பளத்தையும் பற்றிப் பேசிப் பழகிய மேடையில், வாகனங்கள் திரும்பும் ஒரு வட்டத்தைப் பற்றியா இன்று பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கின்றோம். அந்த வட்டத்துக்குள் காணியும் மொழியும் எவ்வாறு வந்து புகுந்துகொள்கின்றன என்பதைச் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

வெல்லவாயவிலிருந்து மலையேறி இந்த எல்ல நகரைக் கடந்து செல்லும் ஏ-23 வீதி, கும்பல்வெலச் சந்தியிலே, பண்டாரவளையிலிருந்து தெமோதரை வழியாக ஹாலிஎலவுக்குப் போகும் ஏ-16 வீதியோடு சேருகிறது. தென்கரையிலிருந்து வரும் உல்லாசப் பயணியும், மரக்கறி லொறியும், கொழுந்து லொறியும், பதுளை வைத்தியசாலைக்கு விரையும் நோயாளியும் அந்த ஓரிடத்தில் கூடித்தான் பிரியவேண்டும். அண்மையில் ஒரு காலைப்பொழுது அங்கே இரண்டு மணி நேரம் நின்று பார்த்தோம். பஸ் சந்தியின் வாயிலேயே நிற்கிறது. மூட்டையோடு இறங்கும் மூதாட்டி, பஸ்ஸின் முன்புறமாகவா பின்புறமாகவா கடப்பது என்று தெரியாமல் தயங்குகிறாள். பாடசாலைப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். சாரதிகளோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, துணிந்தவர் முதலில் போகிறார். இத்தகைய சந்திக்கு முறையான சுற்றுவட்டம் ஒன்று தகுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

சுற்றுவட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். வட்டத்துக்குள் ஏற்கெனவே இருப்பவனுக்கே முதலிடம், உள்ளே நுழைபவன் வலப்புறம் பார்த்துக் காத்திருக்கவேண்டும் என்ற விதியை 1966இல் பிரித்தானியா நாடு முழுவதுக்குமாக ஏற்றுக்கொண்ட பின்னரே, இது பயனுள்ள சாதனமாயிற்று. அதற்கு முன் வட்டம் நிரம்பி, உள்ளிருந்தவன் வெளியேற முடியாமல் எல்லாரும் சிக்கிக்கொண்டனர். இன்று பல நாடுகளில் இது உயிர்காக்கும் ஏற்பாடென்று கருதப்படுகிறது. அமெரிக்காவிலே சுற்றுவட்டமாக மாற்றப்பட்ட 24 சந்திகளை ஆராய்ந்தபோது, காயம் விளைவிக்கும் விபத்துகள் முக்காற்பங்கு அளவுக்குக் குறைந்திருக்கக் கண்டார்கள். காரணம் எளிது. வட்டம் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு வண்டி மற்றொன்றின் விலாவில் நேரே மோதும் வாய்ப்பையும் நீக்குகிறது.

ஆனால் அந்த 24 சந்திகளும் ஊவா மலைச்சரிவில் இருக்கவில்லை! வட்டத்துக்குச் சமதரை வேண்டும், அகலம் வேண்டும். இங்கே அகலம் என்றால் ஒன்று மலையை வெட்டவேண்டும், அல்லது பள்ளத்தில் மதில் எழுப்பவேண்டும். பாதசாரிகள் கடக்கும் கோடு வட்டத்தின் விளிம்பில் இருந்தால், வெளியேறும் வண்டி வேகமெடுக்கும் இடத்திலேயே பிள்ளைகள் கால் வைப்பார்கள். அது சற்று உள்வாங்கி இருக்கவேண்டும். பஸ் தரிப்பிடம் எங்கே போகும்? அதை இருநூறு யார் தள்ளிவைத்தால் படத்தில் அழகாயிருக்கும். மழையில் மூட்டை சுமப்பவளுக்கு எப்படியிருக்கும்? இக்கேள்விகளுக்குரிய விடை பொறியியலாளரின் மேசையில் பாதிதான் உண்டு. மறுபாதி சந்தியில் நிற்பவனிடம் இருக்கிறது.

தெமோதரையிலே புகையிரதம் மலையைச் சுற்றி வளையமிட்டு, தன் நிலையத்துக்குக் கீழாகவே குகைக்குள் நுழைவதைக் காண உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 1924இல் அந்தப் பாதை பதுளையை எட்டியது. மண் வெட்டியவனிடமும் கல் சுமந்தவனிடமும் அன்று தோளைக் கேட்டார்கள், அபிப்பிராயம் கேட்கவில்லை. அது வெள்ளைக்காரன் ஆட்சி. இன்று நடப்பது நம்முடைய ஆட்சி அன்றோ?

இனிச் சட்டத்துக்கு வருவோம். நாம் வழக்கறிஞர் ஆதலால் இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

வீதிக்குக் காணி வேண்டுமானால், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி காணிச் சொந்தக்காரருக்கு அறிவித்தல் கொடுத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 14 நாள் தவணை வழங்கவேண்டும். நல்லது. ஆனால் அச்சட்டத்தில் 'உரித்துள்ள ஆள்' என்பதற்குத் தரப்பட்டுள்ள வரைவிலக்கணத்தைப் படியுங்கள். சொந்தக்காரன் உண்டு, ஈடு பிடித்தவன் உண்டு, குத்தகைக்காரன் உண்டு. மாத வாடகைக் குடியிருப்பாளன் மட்டும் இல்லை என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறது. மாத வாடகைக்காரனுக்கே இடமில்லையென்றால் லயத்தில் குடியிருப்பவனின் கதி என்ன? தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களினால் அரசுக்கு வந்தன. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் போயிற்று. ஆகவே சந்திக்காகத் தோட்டத்தின் ஒரு துண்டை எடுக்க நேர்ந்தால், கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் போகும். நான்கு தலைமுறையாக அந்த வீதியோரத்தில் வாழ்பவனின் லயத்துக் கதவை அது தட்டாது. வீதியோரத்துச் சிங்கள விவசாயி, கையில் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தும் ஏறக்குறைய இதே இருட்டில்தான் நிற்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டே நாம் போகவேண்டும்.

சுற்றாடல் சட்டத்திலே வழியுண்டா என்று பார்த்தோம். 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை அமைப்புக்கே மதிப்பீடும், பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாளும் உண்டு. ஒரு சந்தி அந்தக் கணக்கில் வராது. உள்ளூராட்சியோ எனில், 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் சபை பணம் செலவிடுவதற்கே தடை இருந்தது. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குள் வரத் தடையில்லை. விளக்குப் போட மட்டும் தடை!

இப்படி வாசல் ஒவ்வொன்றாக மூடிக்கிடக்க, ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இன்று வந்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் எதுவாயினும், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாக அதன் தகவல்களைப் பொதுமக்களுக்கும், சிறப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமை என்கிறது. அவசரத் திட்டமாயினும் ஒரு வாரம் முன்னதாக, அவசரத்தின் காரணத்தையும் சேர்த்து அறிவிக்கவேண்டும். எந்தச் சுற்றுவட்டம் ஐந்து இலட்சத்துக்குள் முடியும்? காணிச் சட்டம் உறுதியைக் காட்டு என்கிறது. இந்தச் சட்டமோ, நீ பாதிக்கப்படக்கூடியவனா என்று மட்டுமே கேட்கிறது. லயத்துக்காரனுக்கு இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இப்படியொரு வாசகம் கிடைப்பது எளிதன்று. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும், அதை எழுதிக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் பொறுப்பு.

தமிழில் கேட்கலாமா என்று ஒரு சகோதரி வினவினார். எல்ல 1999இல் இருமொழிப் பிரிவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தமிழில் கேட்கலாம், தமிழில் பதிலும் பெறலாம். ஆயினும் ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், சுவரில் ஒட்டிய அறிவித்தல் ஒரே மொழியில் இருக்கக் கண்டு கேட்டபோது, "உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே" என்றார்கள். நமக்குத் தெரியும், ஐயா. அதன் கீழே நிற்கும் நூறு பேருக்கு?

நேரத்தோடு கேட்கவேண்டும் என்பதற்கும் ஒரு வழக்கைச் சொல்கின்றோம். தென்பகுதி அதிவேக நெடுஞ்சாலையின் பாதை மாற்றப்பட்டபோது, காணி இழக்க நேர்ந்தவர்கள் தமது பக்கத்தைச் சொல்ல வாய்ப்புப் பெறவில்லை. அது தவறு, அவர்களுக்கு நட்டஈடு உரியது என்று 2004இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வழக்கில் வென்றார்கள், ஆனால் பாதை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கொங்கிறீற்று இறுகிய பின் நீதிமன்றத்தால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இதைவிடப் பாரமான ஒன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே அபாயம் உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னமே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர்ப் புயலில் இதே பதுளை மாவட்டம் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆதலால், கும்பல்வெலவில் ஒரு முழம் மலையை வெட்டுவதாயினும், மண்சரிவு மதிப்பீட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் முதலில் நம் கையில் தரட்டும்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அது சந்தியில் நேர்ந்ததன்று. வட்டம் எதுவும் அதைத் தடுத்திராது. பாதுகாப்பு வேலை என்ற பெயரால் எது வந்தாலும் கேள்வி கேட்காமல் ஏற்கும் மனநிலை நமக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே அதைக் குறிப்பிட்டோம். தடுப்பு வேலி வேண்டிய இடத்தில் வேலியையும், வட்டம் வேண்டிய இடத்தில் வட்டத்தையும் கேட்கவேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. திட்டம் வரையப்படுமானால், வரைபடம் பிரதேச செயலகத்துச் சுவரில் மட்டுமன்றி, ஒவ்வொரு தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் ஒட்டப்படவேண்டும். கருத்துக் கேட்கும் கூட்டம் வேலைநாளில் காலை பத்து மணிக்கு அன்றி, ஞாயிற்றுக்கிழமையில் நடக்கவேண்டும். ஒரு நாட் பெயரை இழந்து எந்தக் கொழுந்துக்காரி கூட்டத்துக்கு வருவாள்? வீதி நடுவே கல்லும் சுண்ணாம்பும் இட்டு, வட்டத்தின் அளவைத் தரையில் ஒருநாள் காட்டட்டும். கொழுந்து லொறி திரும்புகிறதா என்று அதன் சாரதியே ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.

9ஆம் பிரிவின்கீழ் அனுப்பவேண்டிய கோரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அந்த மேசையில் வைத்திருக்கின்றோம். கூட்டம் கலையுமுன் பெயரையும் தோட்டத்தையோ கிராமத்தையோ எழுதிக் கையொப்பமிடுங்கள். கையொப்பமிட இயலாதவர்கள் ஆசிரியர் தம்பிகளிடம் வாயால் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை நாமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்குச் சீட்டு வாங்கி வருகின்றோம்.