இரண்டாம் வயலின்

(மாதாந்திர இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்ன தலைப்பு என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது "ஆர்கெஸ்ட்ரா" என்றேன். "திருவிழா ஆர்கெஸ்ட்ராவா? ரொம்ப நல்லா இருக்குமே" என்றார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். அம்மன் கோவில் கொடையில் இரவு பத்து மணிக்கு மேல் டிரம்ஸ், கீபோர்டு, ஒரு எஸ்.பி.பி. குரல், ஒரு ஜானகி குரல். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த நேரலையிலேயே இருக்கிறார்கள். நான் பேச வந்தது வேறொன்று. நான் வசிக்கும் நியூ ஜெர்சியில், ஒரு பொது உயர்நிலைப் பள்ளியில், என் மகள் இரண்டாம் வயலின் பிரிவின் கடைசி வரிசையில் வாசிக்கிறாள். அந்த ஆர்கெஸ்ட்ராவைப் பற்றித்தான்.

இலக்கிய மேடையில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மொழியிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் ஒருவரை இகழ வேண்டுமென்றால் நாம் இசை மேடைக்குத்தான் போகிறோம். அவன் ஜால்ரா அடிக்கிறான், இவன் ஒத்து ஊதுகிறான், இன்னொருவன் பின்பாட்டுப் பாடுகிறான். மூன்றுமே ஒரு கச்சேரிக்கு இன்றியமையாத வேலைகள். மூன்றையும் வசவாக்கி வைத்திருக்கிறோம்.

ஒத்து என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு நாதஸ்வரம் போலவே இருக்கும் குழல் அது. ஒரே சுருதியை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுப்பார். வித்வான் தோடியை விரிவாக வாசித்து, நிறுத்தி, துண்டால் முகம் துடைத்துக்கொள்ளலாம். ஒத்துக்காரர் நிறுத்த முடியாது. இன்று பல இடங்களில் அவருடைய இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. 'தில்லானா மோகனாம்பா'ளில் சிக்கல் சண்முகசுந்தரத்தை நமக்குத் தெரியும். தவில் முத்துராக்குவைத் தெரியும். அந்தக் குழுவில் ஒத்து ஊதியவர் யார்?

நம் இசைக் கதைகள் பெரும்பாலும் தனி ஒருவரின் கதைகள். 'மோகமுள்'ளின் பாபு தன் குரலைத் தேடிப் போகிறவன். தி. ஜானகிராமனின் 'செய்தி' சிறுகதையில் மேல்நாட்டு இசைக்குழுவின் தலைவர் பிலிப் போல்ஸ்கா ஒரு நாதஸ்வர வித்வானின் வாசிப்பில் கரைந்து போகிறார். அற்புதமான கதை. ஆனால் போல்ஸ்காவுடன் வந்த குழுவினர் அன்று என்ன நினைத்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தபோது, நாம் அனைவரும் ராஜாவைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அன்று மேடையில் வில்லைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அப்படிப்பட்டவர்கள் எங்கே உருவாகிறார்கள்?

அமெரிக்காவில் அதற்கான விடைகளில் ஒன்று, பொதுப் பள்ளி. பாஸ்டன் நகரப் பள்ளிகளில் லோவெல் மேசன் என்பவரின் முயற்சியால் 1838இல் இசை பாடமானது. அப்போது வாய்ப்பாட்டு மட்டும்தான். கருவிகள் பிறகு வந்தன. இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் என்ற சிறு நகரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வில் எர்ஹார்ட் என்ற ஆசிரியர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஓர் ஆர்கெஸ்ட்ராவை வளர்த்தெடுத்தார். பின்னாளில் அதே ஊரில் பணியாற்றிய ஜோசப் மேடி, 1926இல் டெட்ராய்ட்டில் நடந்த இசையாசிரியர் மாநாட்டுக்காக, நாட்டின் பல பகுதிகளிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைத் திரட்டித் தேசிய உயர்நிலைப் பள்ளி ஆர்கெஸ்ட்ரா ஒன்றை மேடையேற்றினார். 1928இல் மிச்சிகனின் இன்டர்லாக்கனில் அதைக் கோடை முகாமாக்கினார். அந்த முகாம் இன்றும் நடக்கிறது. நியூயார்க்கில் மேயர் லகார்டியா 1936இல் இசைக்கும் ஓவியத்துக்கும் என்றே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளி அத்தகைய புகழ் பெற்றதல்ல. சாதாரணப் பள்ளி. நான்காம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கருவிகளைக் காட்டுவார்கள். விருப்பமுள்ளவர்கள் வாரம் இருமுறை, வகுப்பு நேரத்திலேயே கற்கலாம். பாடத்துக்குக் கட்டணம் இல்லை. சிறிய வயலினை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். முடியாதவர்களுக்குப் பள்ளியே கொடுக்கும். செல்லோ, டபுள் பாஸ் போன்ற பெரிய கருவிகள் பள்ளிக்குச் சொந்தமானவை. உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது ஆர்கெஸ்ட்ரா கணக்கு, அறிவியல் மாதிரி அன்றாட வகுப்பாகிவிடும். மதிப்பெண்ணும் உண்டு.

நாற்காலி அடுக்குவதற்குப் பெற்றோர் தொண்டர்கள் தேவைப்படுவார்கள். அந்தச் சாக்கில் நான் பல ஒத்திகைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஓபோ ஒரே ஒரு சுரத்தை ஊதும். எழுபது பேரும் அதற்குத் தங்கள் கருவிகளைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் ஒத்துக்காரரின் வேலையை ஒரு நிமிடத்துக்கு ஓபோ செய்கிறது. பிறகு வில்கள். இருபது வயலின்களின் வில்லும் ஒரே நேரத்தில் மேலேறி ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கம் திருப்புவது. வயலின்காரர்கள் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். பக்கத்தின் முடிவு வந்ததும், உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்புவார். வெளிப்பக்கம் இருப்பவர் தொடர்ந்து வாசிப்பார். இசை நிற்காமல் இருப்பதற்காக ஒருவர் நிறுத்துகிறார். அரங்கில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

கடந்த வசந்தகாலக் கச்சேரியில் துவொர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியின் கடைசிப் பகுதியை வாசித்தார்கள். செக் நாட்டுக்காரரான துவொர்ஷாக் நியூயார்க்கில் ஒரு இசைக் கல்லூரியை நடத்த வந்த காலத்தில் எழுதியது. 1893இல் கார்னகி ஹாலில் முதலில் அரங்கேறியது. கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களை ஹாரி பர்லி என்ற கறுப்பின மாணவர் அவருக்குப் பாடிக் காட்டியிருக்கிறார். அந்த சிம்பொனி முழுவதிலும் ஜால்ராவின் பெரிய அண்ணனான சிம்பலுக்கு ஒரே ஒரு அடிதான், அதுவும் இந்தக் கடைசிப் பகுதியில். ஓங்கி அடிப்பதுகூட இல்லை, மெல்லிய உரசல். முழு சிம்பொனியையும் வாசித்தால், அந்த ஓர் அடிக்காக ஒருவர் அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அதை அடித்த பெண், இரண்டு மாத ஒத்திகையிலும் தவறாமல் வந்து, எண்ணிக்கொண்டே நின்றாள். ஜால்ரா அடிப்பது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்தது.

வயலின் நமக்கு அந்நியமானது அல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். மேல்நாட்டு பேண்ட் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்தியங்களை நம் பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். வயலினைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் அமர்ந்தோம், சுருதி சேர்க்கும் முறையை மாற்றினோம், கமகத்துக்கு வளைத்தோம். பக்கவாத்தியமாக்கினோம். ஆனால் நம் பக்கவாத்தியக்காரருக்குத் தனக்கென்று ஒரு முறை வரும். பாடகர் ஆலாபனையை முடித்ததும் சபை அவர் பக்கம் திரும்பும். ஆர்கெஸ்ட்ராவின் இரண்டாம் வயலினுக்கு அந்த முறை வருவது அரிது.

என் மகள் ஞாயிறு காலையில் சென்னை ஆசிரியையிடம் இணையவழியில் கற்கிறாள். தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறாள். திங்கட்கிழமை பள்ளியில் நாற்காலி, தாடைக்கடியில் வயலின். எது கடினம் என்று ஒருநாள் கேட்டேன். "ஸ்கூல்லதாம்பா. அங்க நான் வில்லைச் சும்மா ஆட்டிட்டிருந்தாக்கூட யாருக்கும் தெரியாது. பக்கத்துல இருக்கிறவளுக்கு மட்டும் தெரியும்" என்றாள்.

இனி, நான் இதை இன்று பேசுவதற்கான காரணம். எங்கள் பள்ளி மாவட்டத்தின் வரவு செலவுத் திட்டத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளின் வயலின் வகுப்புகளை நிறுத்தும் முன்மொழிவு வந்தது. ஆறாம் வகுப்பில் தொடங்கினால் போதும் என்றார்கள். இங்கே பொதுப் பள்ளிகள் பெரும்பாலும் வீட்டுச் சொத்துவரியை நம்பியிருக்கின்றன. நியூ ஜெர்சியில், சில விலக்குகள் நீங்கலாக, அந்த வரி வருவாயை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது என்ற வரம்பு 2011 முதல் இருக்கிறது. ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு அந்த வரம்பைப் பார்த்து ஏறுவதில்லை. கலிபோர்னியாவில் 1978இல் சொத்துவரிக்குக் கடிவாளம் போட்ட 13ஆம் முன்மொழிவு நிறைவேறியபோதும் பல பள்ளிகளில் இசை வகுப்புகள்தான் முதலில் போயின. மாநிலத் தேர்வில் இசைக்கு வினாத்தாள் கிடையாதே.

இந்த வெட்டு வெளியே தெரியாது. நான்காம் வகுப்பில் நிறுத்தினாலும், உயர்நிலைப் பள்ளி ஆர்கெஸ்ட்ரா அடுத்த ஐந்தாண்டுகள் நன்றாகவே வாசிக்கும். ஏற்கெனவே கற்றவர்கள் இருக்கிறார்களே. பிறகு வியோலா வரிசை காலியாகும். பிறகு பாஸ். அப்போது, மாணவர்களுக்கே ஆர்வமில்லை என்று சொல்லி அதையும் மூடுவது எளிது. கால்வாயை அடைத்துவிட்டு வயல் காய்ந்ததற்கு நெல்லைக் குறை சொல்வது மாதிரி.

கூட்டத்துக்கு நம்மவர்கள் பலர் வந்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். இசை கற்றால் கணக்கு நன்றாக வரும் என்றார் ஒருவர். கல்லூரி விண்ணப்பத்துக்கு நல்லது என்றார் இன்னொருவர். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்துக்குத்தான் வயலின் என்றால், அதற்குப் பொதுப் பள்ளி தேவையில்லை. எங்கள் ஊரில் மணிக்கு எண்பது டாலர் கொடுத்துத் தனிவகுப்பு வைக்க நம்மில் பலரால் முடியும்.

என் மூன்று நிமிடத்தில் டபுள் பாஸ் வாசிக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னேன். அவன் அப்பா கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்ப்பவர். குடும்பம் ஈக்குவடோரிலிருந்து வந்தது. அந்தக் கருவி பள்ளிப் பேருந்தில் ஏறாது. அவர்கள் வீட்டு மாடிப்படியிலும் ஏறாது. ஆகவே அவன் காலை ஏழு மணிக்கு முன்பே பள்ளிக்கு வந்து, இசையறையைத் திறக்கச் சொல்லி, தனியாகப் பயிற்சி செய்கிறான். நான்காம் வகுப்பில் யாரோ அவன் கையில் ஒரு சிறிய செல்லோவைக் கொடுத்ததில் தொடங்கியது அது. தனிவகுப்பு என்ற ஒன்று இருப்பதே அவன் வீட்டுக்குத் தெரிந்திருக்காது. பள்ளி அந்த செல்லோவை நிறுத்தினால், என் மகள் வேறெங்காவது வயலின் கற்றுக்கொள்வாள். அவளுக்கு இழப்பு அந்தப் பையன்தான். அவன் பிடிக்கும் அடிச்சுரத்தின் மேல்தான் அவளுடைய இரண்டாம் வயலின் நிற்கிறது. மாலையில் வேறு வேறு தெருக்களுக்குப் போகும் பிள்ளைகள், ஒரு நாளில் நாற்பது நிமிடம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்கும் இடம் அந்த அறை ஒன்றுதான்.

வாரியம் ஒரு சமரசத்துக்கு வந்தது. நான்காம் வகுப்பு போனது. ஐந்தாம் வகுப்பு ஓராண்டுக்குத் தப்பியது. அடுத்த வசந்தத்தில் மறுபடியும் அதே கூட்டம், அதே மூன்று நிமிடம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மீண்டும் படித்துப் பாருங்கள். மாதவி ஆடத் தொடங்குமுன் குழலும் யாழும் தோற்கருவிகளும் ஒன்றையொன்று பின்பற்றி இணைவதை இளங்கோ எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார். பின்பற்றுவது இழிவென்று அவருக்குத் தோன்றவில்லை. இடையில் எங்கோதான் நாம் அதை வசவாக்கிக்கொண்டோம்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த கச்சேரிக்கு, உங்கள் பிள்ளை வாசிக்காவிட்டாலும், போய் உட்காருங்கள். கடைசி வரிசையைப் பாருங்கள். பள்ளி வாரியத்தின் வரவு செலவுக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, அதற்கும் போங்கள். பேச வராவிட்டாலும் பரவாயில்லை. பேசுகிறவருக்குப் பின்னால் நாற்காலிகள் நிறைந்திருப்பதை வாரியத்தினர் எண்ணுவார்கள். அதைத் தமிழில் ஒத்து ஊதுவது என்பார்கள். தாராளமாக ஊதுங்கள்.