அந்தி அடுப்பில் ஒரு சுட்ட கறி

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியது)



அந்திக்குக் கொழுந்து நிறுத்துப் போட்டு, மடுவத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்து சேரும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும் என்று நமக்குத் தெரியும். "இன்னைக்கு ரொட்டியும் சம்பலும் போதும்" என்றுதான் வாய் சொல்லும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, நானும் அப்படிச் செய்தவள்தான். ஆனால் வாரம் முழுக்க அப்படியே போனால் பிள்ளைகளுக்கு மரக்கறி எப்போது? நமக்கு எப்போது?

1977 கலவரத்துக்குப் பிறகு நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போனது உங்களுக்குத் தெரியும். என் சின்னம்மாவும் போனார். முல்லைத்தீவுக்குத் தெற்கே, களப்பும் கடலும் சேர்கிற நாயாற்றுப் பக்கம் கூலி வேலை. மாரியில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது, மீன் இருக்காது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டார் கத்தரிக்காயைத் தணலில் சுட்டுக் கறி வைப்பார்களாம். சின்னம்மா அங்கேதான் அதைப் பழகினார். 1984 கடைசியில் அந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்தபோதும் அந்தக் கைப்பழக்கம்தான் உதவியது. "சட்டியே இல்லாம கறி வச்சோம் புள்ள" என்று பிறகு சொல்லுவார்.

இனி கறிக்கு வருவோம். ஐந்து பேருக்கு மூன்று கத்தரிக்காய், இரண்டு தக்காளி, பத்து சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், நாலு பல்லுப் பூண்டு போதும்.

வந்ததும் அடுப்பை மூட்டி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வையுங்கள். விறகு தணலாகும்போது கத்தரிக்காயை நாலு இடத்தில் குத்தி உள்ளே தள்ளுங்கள். குத்தாவிட்டால் வெடிக்கும். கால் மணித்தியாலத்தில், இடையில் ஒருமுறை திருப்பினால், தோல் கருகி உள்ளே குழைந்துவிடும். நீங்கள் அதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டலாம். வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாயைக் கடைசி ஐந்து நிமிடம் ரொட்டிக் கல்லில் போட்டு வாட்டுங்கள்.

சூடு ஆறியதும் தோலை உரித்து எல்லாவற்றையும் கையால் பிசையுங்கள். கொஞ்சம் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, பிசைந்ததைப் போட்டு, ஒரு தேக்கரண்டி வறுத்த கறித்தூள், மஞ்சள், உப்பு, ஒரு கோப்பை தேங்காய்ப்பால் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி விட வேண்டும், அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். தேங்காய் விலை ஏறிய காலத்தில் மூன்று கரண்டி தேங்காய்ப்பூவை அரைத்து விட்டாலும் சரி.

நம் மலையில் கிடைக்கிற கரட், போஞ்சி, பூசணியிலும் செய்யலாம். மெல்லிசாக வெட்டி, எண்ணெய் தடவிக் கல்லில் வாட்டினால் போதும். காஸ் அடுப்பு உள்ளவர்கள் நெருப்புக்கு மேலே கம்பி வலை வைத்துச் சுடலாம்.

ஒரு எச்சரிக்கை. சுடுகிற நாளில் பொலித்தீனோ டயர்த் துண்டோ போட்டு அடுப்பு மூட்ட வேண்டாம். அந்த நச்சுப் புகை கறியில் படியும், நம் நெஞ்சுக்குள்ளும் போகும்.

கடைசியாக ஒன்று. நம்மில் எத்தனையோ பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. இந்தக் கறி மட்டும் அதைத் தீர்க்காது. கூடவே பருப்போ, பொன்னாங்காணியோ, கொஞ்சம் நெத்தலியோ வேண்டும். தேசிக்காய்ப் புளி அந்த இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்டவுடன் குடிக்கிற தேத்தண்ணி அதைத் தடுக்கும். அதனால் வேலையால் வந்ததும் குடியுங்கள், சாப்பிட்ட பிறகு ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுவது நம் பழக்கம். சின்னம்மா வீட்டில் அப்படி இல்லை. கறியை இறக்கியதும் எல்லாத் தட்டிலும் ஒரே நேரத்தில் போடுவார், தன் தட்டிலும் போடுவார். நாளெல்லாம் மலை ஏறி இறங்கினது யார்? இன்றைக்கு அந்திக்கு உங்கள் தட்டையும் மற்றத் தட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.