வேடம் கலைத்த வாத்தியார்



சென்ற மாதம் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்து, "சார், நாடகமெல்லாம் இவனுக்கு எதற்கு? பாடம் படித்தால் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலாக அவருக்கு நான் சொன்ன கதையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர் என் பாட்டனார். திருவிழா இரவில் பெரட்டுக் களத்தில் மேடை கட்டி, "பவளக்கொடி", "வள்ளி திருமணம்" ஆடுவார்களாம். விடிந்தால் மறுபடியும் வாளியும் கத்தியும்! அந்தக் கதைகளை மேடைக்கென்று பாட்டும் வசனமுமாக எழுதிப் புகழ்பெறச் செய்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், இராவணன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்கென்றே அமைந்தவை. கனத்த குரல், முரட்டு நடிப்பு. எமனாக அவர் வந்தபோது பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அஞ்சிக் கருக்கலைந்தாள் என்றும், அதன் பிறகே அவர் வேடம் போடுவதை நிறுத்தினார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லுவார்கள். எது எப்படியோ, கைதட்டு வாங்கும் இடத்தை விட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் வாத்தியாராக உட்கார்ந்தார். எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்?

பெரிய நடிகர்கள் சொன்னபடி கேட்கவில்லை. மேடையில் தோன்றியதைப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். ஆகவே சுவாமிகள் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அங்கே ஆறு வயதில் சேர்ந்தவர், பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று பெயர் பெற்ற தி. க. சண்முகம். அந்தச் சிறுவனுக்காக "அபிமன்யு சுந்தரி" நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள்.

பாடம் எப்படி நடந்தது தெரியுமா? வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத்தறியாத பிள்ளைகூட நூற்றுக்கணக்கான பாட்டுகளை வாயில் வைத்திருந்தான். ல, ள, ழ பிசகினால் விடமாட்டார்கள். ஆனால், அந்தக் கம்பெனி வாழ்க்கையை நான் மெச்சவில்லை. வீட்டைப் பிரிந்து, இரவெல்லாம் கண்விழித்து, அடியும் வாங்கிய பிள்ளைகள் அவர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் 'மகரக்கட்டு' வந்து குரல் உடைந்தால், அதுவரை பாடிய வேடமும் போகும். என் பிள்ளையை அப்படி அனுப்ப மாட்டேன். பயிற்சியை எடுத்துக்கொள்வோம், கொடுமையை விட்டுவிடுவோம்.

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. அரங்கை அதிரவைத்த அந்த வாய் பேச முடியாமற் போயிற்று. அவர் கற்றுக்கொடுத்த பிள்ளைகளோ மேடையில் அவருடைய வரிகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார்.

அந்தத் தாயாரின் மகன் வகுப்பில் வாயே திறக்காத பையன். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பான். அவனுக்கு நான் கொடுத்திருப்பது எமன் வேடம். மூன்று வாரமாகிறது; இப்போது பின்வரிசை வரை குரல் கேட்கிறது. 'உயிர்' என்பதை மட்டும் இன்னும் 'உசிர்' என்கிறான். தாயார் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் பையன் புத்தகப் பையில் மடித்து வைத்து ஒரு கறுப்பு வேட்டி கொண்டுவந்தான்.