வலி நின்ற பின்னும் உள்ள வேலை

(நூற்றாண்டை முன்னிட்டு வஹகோட்டையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் அரச வைத்தியசாலையில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருவர் சென்ற வருடம் கெண்டைக்கால் தசை கிழிந்து பத்து வாரம் சிகிச்சை பெற்றவர். மற்றவர் அந்தப் பத்து வாரமும் அவருக்குத் துணையாகக் கிளினிக்குக்குப் போய் வந்தவர். மூவரும் கூடி எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம்.

இந்தத் தலைப்பை இந்த இடத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. வஹகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் மாதத் திருவிழாவில் தூரத்திலிருந்து நடந்தே வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்தளை மாவட்டத்தின் பாதைகள் ஏற்றமும் இறக்கமும் கொண்டவை. நம்மில் பலர் இந்த ஒன்றுகூடலுக்காக லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் விமானத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். நடக்கிறவருக்கும் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கெண்டைக்கால் வலி வரலாம். ஆனால் இரண்டும் ஒரே வலி என்று எண்ணிவிடக்கூடாது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் கெண்டைக்காலைப் பற்றி. முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு பெரிய தசைகள் உள்ளன. மேல் தசை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பில் தொடங்குகிறது. அடித்தசை முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து குதிநாணாகிக் குதிகாலில் முடிகின்றன. நாம் படி ஏறுவதும், எட்டி அலுமாரியின் மேல்தட்டில் கை வைப்பதும், பஸ்ஸுக்கு ஓடுவதும் இவற்றின் பலத்தால்தான்.

கிழிவு பெரும்பாலும் மேல் தசையின் உட்பக்கத்தில், தசை நாணாக மாறும் இடத்தில் ஏற்படுகிறது. நடுத்தர வயதினரிடம் இது அதிகம். டெனிஸ் ஆடுகிறவர்களிடம் கண்டதால் 1883ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவ இதழொன்றில் இதற்கு டெனிஸ் கால் என்ற பெயர் வந்துவிட்டது. எங்கள் தோழிக்கு டெனிஸ் தேவைப்படவில்லை. பழைய மாணவிகளின் வலைப்பந்தாட்டப் பயிற்சியில் பந்துக்காக ஓர் அடி முன்னே பாய்ந்தார். யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலிருந்தது என்றார். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. இந்த நோய் வந்தவர்களில் அநேகர் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அன்று இரவே வீடு நிறைய வைத்தியர்கள். எண்ணெய் பூசி நன்றாக உருவிவிடு என்றார் ஒருவர். வெந்நீர் ஒத்தடம் கொடு என்றார் இன்னொருவர். முதல் மூன்று நாளும் இவை இரண்டும் வேண்டாம். கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது உருவுவதும் சூடு வைப்பதும் அந்தக் கசிவைக் கூட்டும். ஓய்வு, அளவான அழுத்தத்துடன் மீள்தன்மைப் பட்டி, படுக்கும்போது தலையணை வைத்துக் காலை உயர்த்துதல், நடக்க வேண்டியிருந்தால் கைத்தடி, சப்பாத்துக்குள் குதிகாலைச் சற்று உயர்த்தும் தடித்த அட்டை: இவ்வளவுதான் ஆரம்பச் சிகிச்சை.

ஐஸ் வைக்கலாமா என்று கேட்பீர்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்துதல் என்ற நான்கையும் ஒரே சூத்திரமாக 1978இல் எழுதியவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்கின். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே திருத்தி எழுதினார். வலி தாங்க முடியாதபோது துணியில் சுற்றிச் சில நிமிடம் வைக்கலாம். தசையைக் குணப்படுத்துவது ஐஸ் என்று நம்பவேண்டாம்.

அப்படியானால் குணப்படுத்துவது எது? அளவறிந்த அசைவு. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை கிழிந்த 50 பொழுதுபோக்கு விளையாட்டாளர்களை டென்மார்க் ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் காயம்பட்ட இரண்டாம் நாளே பயிற்சி தொடங்கினர். மற்றவர்கள் ஒன்பதாம் நாள் தொடங்கினர். முந்தியவர்கள் நடுநிலையாக 62.5 நாளில் விளையாட்டுக்குத் திரும்பினர். பிந்தியவர்களுக்கு 83 நாள் சென்றது. தொடக்கத்தில் ஒரு வாரம் பிந்தியது, முடிவில் கிட்டத்தட்ட மூன்று வாரமாயிற்று. இது 2017இல் வெளிவந்தது. ஒரு மாதம் கட்டிலில் கிட என்ற பழைய புத்திமதியை இனி யாருக்கும் சொல்லவேண்டாம்.

பயிற்சி படிப்படியானது. முதலில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். அடுத்துக் கதிரையில் இருந்துகொண்டு குதியை உயர்த்துதல். பின் சுவரைப் பிடித்து நின்று இரு குதிகளையும் உயர்த்துதல். அதன் பிறகே ஒற்றைக் காலில். முழங்காலை நீட்டிச் செய்தால் மேல் தசைக்கும், சற்று மடித்துச் செய்தால் அடித்தசைக்கும் வேலை அதிகம். ஆகவே இரண்டு விதமாகவும் செய்யவேண்டும். செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் அது நீடித்தால் அளவு கூடிவிட்டது என்று கொள்ளுங்கள். சிறு கிழிவு ஒன்று முதல் மூன்று வாரத்தில் சீராகும். நடுத்தரமானதுக்கு நான்கு முதல் எட்டு வாரமும் செல்லும். முழுக்கிழிவுக்கு மூன்று, நான்கு மாதங்களும் வேண்டியிருக்கும்.

நாங்கள் இன்று சொல்ல வந்தது இனித்தான். நான்காம் வாரத்தில் எங்கள் தோழிக்கு வலி இல்லை. சமைத்தார், சந்தைக்குப் போனார். மகளுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. இனி ஏன் கிளினிக், பஸ் காசு வீண் என்றார். பிசியோ மறுத்துப் பேசவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதியை உயர்த்தச் சொன்னார். நல்ல காலில் 22 முறை முடிந்தது. கிழிந்த காலில் ஏழாவது முறையோடு குதி எழ மறுத்தது. அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு அவர் ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை. பத்தாம் வாரத்தில் இரு கால்களும் ஏறக்குறையச் சமமாயின. இன்று இந்தப் படிகளை அவர் ஏறி வந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

வலி நிற்பது ஒன்று, பலம் திரும்புவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வாரங்களில்தான் அதே இடம் மறுபடி கிழிகிறது. பெரிய வீரர்களுக்கும் இது சோதனையான காலம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டூராண்டுக்கு 2019 மே 8ஆம் திகதி வலது கெண்டைக்கால் தசை நோவு கண்டது. ஜூன் 10ஆம் திகதி இறுதிச் சுற்றில் ஆட இறங்கினார். அன்றே அதே காலின் குதிநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. முதற்காயம்தான் இரண்டாவதைக் கொண்டுவந்தது என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் உலகின் சிறந்த வைத்தியர்கள் சூழ்ந்திருந்த ஒருவருக்கே இப்படியென்றால், அடுப்படியிலும் வயலிலும் வகுப்பறையிலும் நிற்கிற நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

வீட்டில் எல்லோருக்கும் மருந்து வேளை பார்க்கிற நாம், நமது வலி நின்ற அன்றே நமது சிகிச்சையை நிறுத்திவிடுகிறோம். மீதி வாரங்களை நமக்கென்று எடுத்துக்கொள்வது சுயநலம் போலத் தோன்றுகிறது. மறுபடி கிழிந்தால் படுக்கையில் கிடப்பது நாம்தான்; திண்டாடுவது அதே வீடுதான்.

இனி, விமானத்தில் வந்தவர்களுக்கு நாங்கள் சொல்வதாகச் சொன்னது. பாயாமல், ஓடாமல், கால் இடறாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வலித்து வீங்கிச் சூடாகவோ சிவந்தோ இருந்தால், அது தசைக்கிழிவு என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியாகியிருக்கலாம். நீண்ட பயணம், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு இவற்றின் பின் அந்த ஆபத்துக் கூடுதல். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தக் காலை உருவவே கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. அதேபோல, அடிபட்ட பின் குதியைத் தூக்கவே முடியாமல் போனால் குதிநாண் அறுந்திருக்கலாம். அதையும் அன்றே காட்டவேண்டும். மற்றவர்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் பிசியோதெரபிப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை.

தங்கைமாருக்கு ஒரு செய்தி. இந்தத் தொழிலுக்கு 1894இல் இங்கிலாந்தில் முதற் சங்கம் அமைத்தவர்கள் நான்கு தாதியர், நால்வரும் பெண்கள். இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் இதைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். நமது கல்லூரியின் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்றிரவு தங்குமிடத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு காலிலும் எத்தனை முறை குதி உயர்த்த முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலில் நோவோ வீக்கமோ உள்ளவர்கள் இதைச் செய்யவேண்டாம். இரு கால்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், ஊர் திரும்பியதும் ஒரு பிசியோவைப் பாருங்கள். சிகிச்சையில் இருக்கிறவர்கள் கடைசிக் கிளினிக் திகதி வரை போங்கள்.