ஈப்போ நிலையத்தின் எதிரே



வாரக் கடைசியில் கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் மலேசியாவில் பெருகிவிட்டன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டியிலேயே இருக்கும். கடற்கரைக்கும் கேமரன் மலைக்கும்தான் கூட்டம் அலைமோதும். கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகிறவர்கள் நெடுஞ்சாலையை விட்டு, பேராக்கின் பழைய கூட்டரசு சாலையில் திரும்பினால் போர் நினைவிடங்களின் வழியே வேறொரு பயணம் கிடைக்கும்.

முதலில் கம்பார். கல்லறை பார்க்கவா விடுமுறை என்று முணுமுணுக்கும் பிள்ளைகளை இந்த ஊரின் கோழிக்கறி ரொட்டியைச் சொல்லி வண்டியில் ஏற்றலாம். ஊரை ஒட்டிய 'கிரீன் ரிட்ஜ்' மேட்டில் பதுங்குகுழிகளின் தடம் இன்றும் இருக்கிறது. 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் ஜப்பானியப் படையை இங்கே தடுத்து நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் வீரர்களோடு பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியர்களும் நின்றார்கள். கடைசி நாளில் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தவர்கள் அந்தச் சீக்கியர்கள்தான். ஜப்பானியர் கடல்வழியாகப் பின்பக்கம் வந்து இறங்கியதால்தான் பின்வாங்க வேண்டியதாயிற்று.

அங்கிருந்து ஈப்போ அரை மணி, முக்கால் மணி ஓட்டம். 1917இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. எதிரே நிற்கும் நினைவுத்தூணுக்கு முதுகைக் காட்டித்தான் பலர் எடுக்கிறார்கள்! முதல் உலகப் போரில் மாண்ட பேராக்கைச் சேர்ந்தவர்களுக்காக எழுப்பிய தூண் அது. பின்னர் வந்த போர்களுக்கும் ஒவ்வொரு பலகை பதித்தார்கள். அவற்றில் ஒன்று பர்மா-சயாம் ரயில் பாதையில் மாண்டவர்களுக்கானது. தமிழ்க் குடும்பங்கள் நின்று படிக்க வேண்டிய பலகை.

ஜப்பானியர் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. அந்த ரயில் பாதையைப் போட மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று தோட்டத் தொழிலாளர்களுக்கு ஜப்பானியர் ஆசை காட்டினார்கள். மசியாதவர்களைப் பிடித்துப் போனார்கள். இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்து, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றியதைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டுத் தெற்கிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் கடந்துபோன மேற்குக்கரைத் தடம்தான் இந்த நிலையத்தின் வழியாக ஓடுகிறது. 1942இல் தொடங்கிய 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் மலேரியாவும் பசியும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தலையை எண்ணி எழுதியவர் எவரும் இல்லாததால், கணக்கு மதிப்பீட்டோடு நிற்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்களுக்குப் பாதை போட்ட அந்தக் காடு தெரியும்.

ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16இல் இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் பிறந்து 1960 வரை நீடித்தது. மூவரின் கல்லறைகளும் பத்து காஜாவில் இருக்கின்றன.  இந்த வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது.

தைப்பிங்கைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. தீபகற்பத்தில் அதிக மழை பெய்யும் ஊர் அது. புக்கிட் லாருட் அடிவாரத்தில் போர்க் கல்லறை, நடுவே சாலை. ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள், மறுபக்கம் இந்து, முஸ்லிம், சீக்கிய வீரர்கள். 850க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். ஆனாலும் ஆளுக்கொரு கல் உண்டு; புல்லைச் செதுக்கிப் பராமரிக்க காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் உண்டு.

தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி ஓர் ஆணையம் அமையவில்லை. அவர்களின் பெயர்கள் இருப்பது பெரும்பாலும் குடும்ப நினைவில்தான், அதுவும் மூத்த தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கிறது. நேயர்களே, உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ, தாத்தாவின் தம்பியோ இருந்தால், அவர் பெயரையும் எந்தத் தோட்டம் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு இந்த வாரமே எழுதி வையுங்கள்.